உள்ளூராட்சித் தேர்தல்: ஒரு புள்ளடிக்குப் பின்னால் நடக்கும் கணக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் 2025 மே 6 அன்று உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. நாடு முழுவதும் இந்தத் தேர்தல் அதற்கு முன் நடந்தது 2018 பெப்ரவரி 10 இல். இடையில் ஏழு வருடம் போய்விட்டதால் சனம் முறையையே மறந்துவிட்டது. முடிவு வந்த பிறகு குழப்பம் இன்னும் கூடியது. எங்கள் வட்டாரத்தில் வென்ற கட்சி ஒன்று, சபையை ஆளும் கட்சி இன்னொன்று, தோற்ற ஆளும் உறுப்பினராக இருக்கிறார், இது என்ன கணக்கு என்று கேட்காதவர்கள் குறைவு. அந்தக் கேள்விகளையும், அவற்றோடு சேர்ந்து வரும் எல்லை, வரி, புதிய சபை விவகாரங்களையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

உள்ளூராட்சி சபை என்பதற்குள் எவை எவை அடங்கும்?

மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று மூன்று வகை. மொத்தம் 341. இவற்றில் பெரும்பான்மை பிரதேச சபைகள்தான், 276. 2025 மே மாதத்தில் 339 சபைகளுக்கே தேர்தல் நடந்தது. எல்பிட்டிய பிரதேச சபைக்கு 2024 ஒக்டோபரிலேயே தனியாக நடந்து முடிந்துவிட்டது. கல்முனை மாநகர சபை வழக்கில் சிக்கியிருந்தது. அந்தக் கதை கீழே வரும்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 17 சபைகள்: ஒரு மாநகர சபை, சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள்.

பிரதேச சபையும் பிரதேச செயலகமும் ஒன்றுதானே?

இல்லை. பிரதேச செயலகம் மத்திய அரசின் நிர்வாக அலுவலகம். அங்கே இருப்பவர் நியமிக்கப்பட்ட அதிகாரி. காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு இறப்புச் சான்றிதழ், அரச உதவித்தொகை என்று வரிசையில் நிற்பது அங்கேதான். பிரதேச சபை நீங்கள் வாக்களித்துத் தெரிவு செய்யும் சபை. இரண்டும் பல ஊர்களில் ஒரே தெருவில், சில இடங்களில் எதிரெதிரே இருப்பதால் மனுவைத் தப்பான வாசலில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

சரி, சபையின் வேலை என்ன? எதற்கெல்லாம் அங்கே போகலாம்?

குப்பை, வடிகால், தெருவிளக்கு, உள்வீதி, பொதுச்சந்தை, மயானம், நூலகம், விளையாட்டு மைதானம், கட்டட அனுமதி, உணவகங்களின் சுகாதாரம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பொலிஸ், காணி எதுவும் அவர்கள் கையில் இல்லை. தேர்தல் காலத்தில் வட்டார வேட்பாளர் ஒருவர் வந்து வேலைவாய்ப்பும் காணி உறுதியும் தருவேன் என்றால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம். அது அவரால் முடிகிற காரியம் இல்லை.

வீதியில்தான் சிக்கல் அதிகம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு. மிச்சம் உள்ள குச்சொழுங்கை, கிறவல் பாதை எல்லாம் சபைக்கு. பிரதான வீதியில் குழி விழுந்ததற்குத் தவிசாளரைத் திட்டுவதில் பயனில்லை. உங்கள் ஒழுங்கையில் குழி விழுந்தால் தாராளமாகத் திட்டலாம்.

தெருவிளக்கும் அப்படித்தான். கம்பமும் கம்பியும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தினுடையவை. அதில் தொங்கும் குமிழ் உள்ளூராட்சி சபையினுடையது. குமிழ் எரியவில்லை என்று முறைப்பாடு கொடுக்கும்போது "கோயிலுக்குப் பக்கத்துக் கம்பம்" என்று எழுதினால் வேலைக்கு வருபவர் எந்தக் கோயில் என்று தேடி அலைவார். கம்பத்தில் பெயின்டில் ஓர் இலக்கம் எழுதியிருக்கும். அதையும் வீதிப் பெயரையும் எழுதிக் கொடுங்கள். முறைப்பாட்டுப் புத்தகத்தில் பதிந்த திகதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சபைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஆதன வரி, அதாவது ஊரில் சோலை வரி என்று சொல்வது. வியாபார அனுமதிக் கட்டணம், சந்தைக் குத்தகை, கட்டட அனுமதிக் கட்டணம். காணி கைமாறும்போது கட்டும் முத்திரை வரியும், நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தின் வழியாகச் சபைக்கு வந்து சேரும். காணி விற்பனை சூடாக இருக்கும் நகரத்துச் சபைக்கும், வயலும் பற்றையும் மட்டுமே உள்ள கிராமத்துச் சபைக்கும் இதனால் பெரிய இடைவெளி. குப்பை உழவு இயந்திரத்துக்கு டீசல் அடிக்கவே யோசிக்கும் சபைகள் இருக்கின்றன. அங்கேயும் தேர்தல் விஞ்ஞாபனம் மட்டும் வழவழப்பான தாளில்தான் வருகிறது.

வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரே இல்லையே, ஏன்?

உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு வாக்கு. அது கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்குப் போகிறது. சீட்டில் கட்சிப் பெயரும் சின்னமும் மட்டும் இருக்கும். பாராளுமன்றத் தேர்தல்போல விருப்பு வாக்கு கிடையாது. உங்கள் வட்டாரத்தில் அந்தச் சின்னத்தின் கீழ் நிற்பவர் யார் என்பதை நீங்கள்தான் முன்கூட்டியே அறிந்துகொண்டு போக வேண்டும்.

அந்த ஒரு புள்ளடி இரண்டு இடத்தில் எண்ணப்படுகிறது. முதலில் வட்டாரத்தில் யார் வென்றார் என்று பார்க்க. பிறகு முழுச் சபைக்கும் அந்தக் கட்சி எத்தனை வாக்கு எடுத்தது என்று பார்க்க. மற்ற எல்லாக் குழப்பமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

60 இற்கு 40 என்கிறார்களே, அதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த முடியுமா?

பழைய முறை முழுக்க விகிதாசாரம். உங்கள் ஊருக்கென்று ஒரு உறுப்பினர் இல்லை. சபை முழுவதற்கும் சேர்த்துத்தான் ஆட்கள் இருந்தார்கள். சிலவேளை ஒரே சந்தியைச் சுற்றி நான்கு உறுப்பினர்கள், அடுத்த மூன்று கிராமத்துக்கு ஒருவரும் இல்லை. இதை மாற்ற 2012 இல் கலப்புமுறைச் சட்டம் வந்தது. அப்போது நூற்றில் 70 ஆசனம் வட்டாரத்தில் வெல்பவர்களுக்கு, 30 ஆசனம் வாக்கு விகிதத்தின்படி கட்சிகள் அனுப்பும் பட்டியல் உறுப்பினருக்கு என்று இருந்தது. 2017 திருத்தம் அதை 60 இற்கு 40 ஆக்கியது. 2018 தேர்தல்தான் இந்த முறையில் நடந்த முதல் தேர்தல்.

ஒரு கற்பனைச் சபையை எடுத்துக்கொள்வோம். 20 உறுப்பினர், அதில் வட்டாரம் 12, பட்டியல் 8. செல்லுபடியான வாக்கு மொத்தம் 20,000. 20 ஆல் பிரித்தால், ஓர் ஆசனத்துக்கு 1,000 வாக்கு.

முதலாவது கட்சி 8,000 வாக்கு எடுத்து 9 வட்டாரத்தை வெல்கிறது. இரண்டாவது 6,000 வாக்கும் 3 வட்டாரமும். மூன்றாவது 4,000 வாக்கு, நாலாவது 2,000 வாக்கு. இருவருக்கும் வட்டாரம் ஒன்றும் இல்லை.

வாக்கின்படி முதலாவது கட்சிக்கு உரியது 8 ஆசனம். ஆனால் அது ஏற்கெனவே 9 வட்டாரத்தை வென்றுவிட்டது. வென்றதைப் பறிக்க முடியாது. அதனால் 9 உம் அதற்கே, பட்டியலில் ஒன்றும் கிடையாது. இரண்டாவது கட்சிக்கு உரியது 6; மூன்றை வட்டாரத்தில் எடுத்ததால் பட்டியலில் மூன்று கிடைக்கும். மூன்றாவதுக்கு 4 உம் பட்டியலில். நாலாவதுக்கு 2 உம் அப்படியே.

இப்போது கூட்டிப் பாருங்கள்: 9, 6, 4, 2. மொத்தம் 21. இருபது பேர் இருக்க வேண்டிய சபைக்கு ஒரு நாற்காலி கூடுதலாக வாங்க வேண்டும். 12 வட்டாரத்தில் 9 ஐ வென்று பட்டாசு கொளுத்திய கட்சிக்குப் பெரும்பான்மையும் இல்லை, ஏனென்றால் 21 இல் 9 பேர்தான் அவர்களுடையவர்கள். மற்ற மூன்று கட்சியும் சேர்ந்தால் ஆட்சி அவர்களுக்கு.

இதைப் பலர் மோசடி என்று சொல்கிறார்கள். என் பார்வையில் அது அநியாயமான குற்றச்சாட்டு. 20,000 பேரில் 12,000 பேர் அந்தக் கட்சிக்கு வாக்களிக்கவில்லை என்பதும் உண்மைதானே. மோசம் எங்கே என்றால், இந்தக் கணக்கைத் தேர்தலுக்கு முன் யாரும் சனத்துக்குச் சொல்லிக் கொடுக்காததில்.

வட்டாரத்தில் தோற்றவர் எப்படி உறுப்பினராகிறார்?

பட்டியல் ஆசனத்துக்கு யாரை அனுப்புவது என்பதைக் கட்சியின் செயலாளர் தீர்மானிக்கிறார். சுயேச்சைக் குழு என்றால் அதன் தலைவர். மேலதிகப் பட்டியலில் பெயர் உள்ளவரையும் போடலாம், வட்டாரத்தில் நின்று தோற்றவரையும் போடலாம். ஒழுங்கையெல்லாம் நடந்து வாக்குச் சேர்த்துச் சில வாக்கில் தோற்றவரை அனுப்பினால் அதில் நியாயம் உண்டு. வீட்டைவிட்டே இறங்காத ஒருவருக்குக் கொடுத்தால் கட்சிக்குள்ளேயே அடிபாடு. வர்த்தமானியில் பெயர் வரும்வரை கட்சி அலுவலகத்துத் தொலைபேசி ஓயாது.

எங்கள் வட்டாரத்தில் ஒரே கட்சிக்கு இரண்டு உறுப்பினர். அது எப்படி?

அது பல அங்கத்தவர் வட்டாரம். பல சமூகங்கள் கலந்து வாழ்ந்து, பிரிக்க முடியாத இடங்களில் ஒரு வட்டாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று உறுப்பினரை ஒதுக்கினார்கள். ஆனால் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கே அத்தனை ஆசனமும் போகும். சிறுபான்மைக்கு இடம் கிடைக்கட்டும் என்று செய்த ஏற்பாடு, வென்றவர் சொல்லும் ஆட்களுக்கே முடிந்துவிடுகிறது. கட்சி வேறு வேறு சமூகத்தவரை நிறுத்தினால்தான் நோக்கம் நிறைவேறும்.

உறுப்பினர் தொகை ஏன் இப்படி வீங்கியது?

முன்பு நாடு முழுவதும் 4,486 பேர். புதிய முறையில் அது 8,000 ஐத் தாண்டியது. மேலே சொன்ன கூடுதல் நாற்காலிகளும் சேர்ந்து 2018 சபைகளில் 8,700 அளவுக்குப் போனது. வட்டாரங்களைச் சிறிதாக வரைந்துவிட்டு, அதற்கு மேல் 40 வீதம் பட்டியலையும் ஏற்றினால் வேறு என்ன நடக்கும்? சபைகளின் வருமானம் அந்த வேகத்தில் கூடவில்லை. பல சபைகளில் மேசை போட இடமில்லாமல் மண்டபத்தையே திருத்த வேண்டி வந்தது. 2022 இன் கடைசியில் முன்னாள் தேர்தல் ஆணைக்குழுத் தலைவர் மஹிந்த தேசப்பிரிய தலைமையில் எண்ணிக்கையைக் குறைக்க ஓர் எல்லை நிர்ணயக் குழுவும் அமைத்தார்கள். ஆனால் 2025 தேர்தல் பழைய வட்டாரங்களிலேயே நடந்தது. தெரிவு செய்ய வேண்டியிருந்தது 8,287 பேரை.

பெண்களுக்கு 25 வீதம் என்பது எந்த அளவுக்கு நடந்தது?

சபை உறுப்பினரில் 25 வீதம் பெண்களாக இருக்க வேண்டும் என்ற விதி இது. இந்த முறையில் எனக்கு முழு மனதோடு பிடித்த பகுதி இதுதான். அதற்கு முன் உள்ளூராட்சியில் பெண்கள் 2 வீதம் அளவில்தான் இருந்தார்கள். 2018 இல் 25 ஐத் தொடாவிட்டாலும் 20 வீதத்தைத் தாண்டிவிட்டது.

தொடாததற்குக் காரணம் கணக்குத்தான். வட்டாரத்தில் நிறுத்தும் வேட்பாளர்களில் 10 வீதம் பெண்கள் இருந்தால் போதும். மேலதிகப் பட்டியலில்தான் பாதி. ஆகவே கட்சிகள் பெண்களை வட்டாரத்தில் நிறுத்தாமல் பட்டியலிலேயே வைத்துக்கொண்டன. நிறைய வட்டாரத்தை வென்ற கட்சிக்குப் பட்டியல் ஆசனமே கிடைக்காதபோது பெண்களை எங்கே வைப்பது? 20 வீதத்துக்குக் குறைவான வாக்கோடு மூன்று உறுப்பினருக்கும் குறைவாக எடுத்த சிறிய கட்சிகளுக்கோ அந்தக் கடமையே கிடையாது. அப்புறம், பட்டியலில் வந்த பெண் உறுப்பினரை "நீங்கள் எந்த வட்டாரம்?" என்று கேட்டுக் கேட்டே மட்டந்தட்டும் சபைகள் உண்டு. அதே பட்டியலில் வந்த ஆண்களிடம் அந்தக் கேள்வி வருவதில்லை.

மேயரை அல்லது தவிசாளரை நாங்கள் தெரிவு செய்வதில்லையா?

நேரடியாக இல்லை. ஒரு கட்சி சபையில் பாதியோ அதற்கு மேலோ ஆசனம் எடுத்தால் அந்தக் கட்சியின் செயலாளர் பெயரைக் கொடுப்பார், விடயம் முடிந்தது. எடுக்காவிட்டால் உள்ளூராட்சி ஆணையாளர் முதல் கூட்டத்தைக் கூட்டுவார். உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்ய வேண்டும். பகிரங்க வாக்கா இரகசிய வாக்கா என்பதை முதலில் தீர்மானிப்பார்கள். பெரும்பாலும் அந்தத் தீர்மானத்திலேயே யார் வெல்வார் என்று தெரிந்துவிடும்.

கொழும்பைப் பாருங்கள். 2025 இல் தேசிய மக்கள் சக்தி 117 இல் 48 ஆசனம் எடுத்து முதலிடம். ஐக்கிய மக்கள் சக்திக்கு 29, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 13. ஜூன் 16 இல் இரகசிய வாக்கெடுப்பு. தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசார் 61 இற்கு 54 என்று மேயரானார். இரகசிய வாக்கு என்பதால் வெளியிலிருந்து வந்த வாக்குகள் யாருடையவை என்பது ஊகத்தோடு நின்றுவிட்டது.

யாழ்ப்பாண மாநகர சபை இன்னும் சுவாரஸ்யமானது. 45 ஆசனம். தமிழரசுக் கட்சிக்கு 13, தமிழ்க் காங்கிரஸ் அணிக்கு 12, தேசிய மக்கள் சக்திக்கு 10. மிச்சம் சிறிய கட்சிகளுக்கு. தமிழரசுக் கட்சியின் விவேகானந்தராஜா மதிவதனி 19 வாக்கோடு முதல்வரானார், அதாவது மேயரானார், எதிரே 16. தேசிய மக்கள் சக்தி நடுநிலை. அந்த 19 இல் ஈ.பி.டி.பி.யின் (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) வாக்குகளும் உண்டு. தேர்தல் மேடையில் இரண்டு கட்சியும் ஒன்றையொன்று என்ன சொல்லித் திட்டின என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பெரும்பான்மை இல்லாமல் தெரிவான முதல்வர் எவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பார்?

பாதீடு வரும்வரை. யாழ்ப்பாணத்திலேயே பாடம் இருக்கிறது. 2018 இல் முதல்வரான இம்மானுவேல் ஆர்னோல்ட்டின் பாதீடு 2020 டிசம்பரில் இரண்டு தடவை தோற்றது, பதவி போனது. டிசம்பர் 30 இல் நடந்த தெரிவில் அவரே மீண்டும் போட்டியிட்டார். வி. மணிவண்ணன் 21 இற்கு 20 என்று வென்றார். ஒரே ஒரு வாக்கு. இரண்டு வருடம் கழித்து அவரும் பாதீட்டுப் பிரச்சினையில் விலக, 2023 ஜனவரியில் ஆர்னோல்ட் திரும்ப வந்தார். அந்தச் சபைக்கு அப்போது மிச்சம் இருந்ததோ சில வாரங்கள்தான்.

கட்சி மாறி வாக்களித்தால் என்ன என்று உறுப்பினர் நினைக்கலாம். கட்சி அவரை விலக்கினால் ஆசனமும் போய்விடும். பிறகு நீதிமன்றப் படிதான்.

சபையின் காலம் எவ்வளவு?

நான்கு வருடம். பொறுப்பான அமைச்சர் ஒரு வருடம் நீடிக்கலாம். இப்போதைய சபைகளின் காலம் 2025 ஜூன் 2 இல் தொடங்கியது.

2023 இல் நடக்க வேண்டிய தேர்தல் ஏன் நடக்கவில்லை?

2018 சபைகளின் காலம் 2022 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் நீடித்தார்கள். 2023 மார்ச் 9 தேர்தல் என்று அறிவித்து வேட்புமனுவும் வாங்கியாகிவிட்டது, 80,672 பேர். அப்போது நாடு பொருளாதார நெருக்கடியில் இருந்தது. திறைசேரி பணம் இல்லை என்றது. பணம் வராமல் வாக்குச்சீட்டைத் தர முடியாது என்று அரச அச்சகம் சொன்னது. தபால் வாக்களிப்பு முதலில் நின்றது. மார்ச் 9, ஏப்ரல் 25 ஆகி, பிறகு திகதியே இல்லாமல் போனது. பாதீட்டில் ஏற்கெனவே ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் மார்ச் 3 இல் இடைக்காலத் தடை போட்டும் ஒன்றும் அசையவில்லை.

2024 ஆகஸ்ட் 22 இல் தீர்ப்பு வந்தது. அப்போது ஜனாதிபதியாகவும் நிதியமைச்சராகவும் இருந்த ரணில் விக்கிரமசிங்க உள்ளிட்டோர் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள், தேர்தலை இயன்ற விரைவில் நடத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது.

அதற்குள் 2023 இல் மனுக் கொடுத்தவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் வெளிநாடு போய்விட்டார்கள், கட்சிகளே உடைந்துவிட்டன. ஆகவே 2025 பெப்ரவரியில் தனிச் சட்டம் ஒன்று கொண்டுவந்து பழைய மனுக்களை இரத்துச் செய்து புதிதாக வாங்கினார்கள். அப்போதும் சிக்கல் வராமலில்லை. பிறப்புச் சான்றிதழின் பிரதி சரியில்லை என்று பல மனுக்கள் நிராகரிக்கப்பட்டு, நீதிமன்றம் போன சிலவற்றை ஏற்கும்படி உத்தரவு வந்தது.

உறுப்பினர் இல்லாத அந்த இரண்டு வருடமும் சபை யார் கையில் இருந்தது?

மாநகர சபையில் ஆணையாளர், நகர சபை, பிரதேச சபைகளில் செயலாளர். குப்பை எடுத்தார்கள், வரி வாங்கினார்கள். சில ஊரில் அரசியல்வாதி இல்லாமல் வேலை ஒழுங்காக நடந்தது என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். ஒரு வீதியைப் போடுவதா, சந்தையைப் பெருப்பிப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் செயலாளர் கோப்பை மூடி வைத்துவிடுவார். அது அவர் வேலையும் இல்லை. அவரைக் கேள்வி கேட்க உங்களுக்கு வாக்கும் இல்லை.

வேட்பாளராக நிற்க எவ்வளவு கட்டுப்பணம்?

2025 இல் அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் ஒரு வேட்பாளருக்கு 1,500 ரூபா, சுயேச்சைக் குழு என்றால் 5,000 ரூபா. தனி ஆளாக நிற்க முடியாது. குழுவாக முழுப் பட்டியலும் கொடுக்க வேண்டும். தேர்தல் முடிந்து 21 நாளுக்குள் செலவுக் கணக்கும் காட்ட வேண்டும். 2023 இல் வந்த சட்டம் அது. தோற்றவர்களுக்கும் பொருந்தும்.

புதிய சபை எப்படி உருவாகிறது? எங்கள் ஊருக்குத் தனிச் சபை கிடைக்குமா?

வர்த்தமானி ஒன்று போதும் என்று கேட்க எளிதாக இருக்கும். நுவரெலியா மாவட்டத்தில் அது நடந்தது. நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் இரண்டு இலட்சம் பேருக்கு மேல் சுமந்துகொண்டிருந்தன. வேறு மாவட்டங்களில் அந்தத் தொகையில் ஒரு பங்குக்கே ஒரு சபை உண்டு. மலையகக் கட்சிகள் நீண்ட காலம் கேட்டு, 2018 தேர்தலுக்கு முன் இரண்டும் ஆறாகின: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா.

சாய்ந்தமருதில் அது நடக்கவில்லை. கல்முனை மாநகர சபையிலிருந்து பிரித்துத் தனிச் சபை வேண்டும் என்று ஊரே திரண்டது. 2018 தேர்தலில் பெரிய கட்சிகளை ஒதுக்கிவிட்டு ஊர்ச் சுயேச்சைக் குழுவுக்கே வாக்களித்தார்கள். 2020 பெப்ரவரியில் நகர சபையாக்கி வர்த்தமானியும் வந்தது. சில நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு பகுதியைப் பிரித்தால் மிச்சம் உள்ள கல்முனையில் தமிழர், முஸ்லிம் விகிதம் மாறும். மேயர் யார் என்பதே மாறும். அங்கே எல்லைக்கோடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. வழக்கு நீதிமன்றத்தில் இருந்ததால்தான் 2025 இல் கல்முனைக்குத் தேர்தல் நடக்கவில்லை. தனிச் சபை கேட்டவர்களுக்கு இருந்த சபையும் அந்தத் தடவை இல்லாமல் போனது.

நகர சபை மாநகர சபையானால் எங்களுக்கு என்ன லாபம்?

வவுனியாவும் திருகோணமலையும் அண்மையில் அப்படித் தரம் உயர்ந்தவை. தவிசாளர் மேயராகிறார். ஆளணியும் அதிகாரமும் கூடும். நகரத்துக்குள் புதிதாக இழுக்கப்படும் கிராமம் இருந்தால் அங்கே ஆதன வரி மதிப்பீடு வரும் என்பதையும் மறக்க வேண்டாம். பெயர்ப்பலகை ஒரே நாளில் மாறிவிடும். வடிகால் அப்படி மாறாது.

தோட்டங்களுக்குப் பிரதேச சபை எதுவும் செய்ய முடியாது என்பது உண்மையா?

நீண்ட காலம் உண்மைதான். தோட்டத்து வீதியும் லயன் அறையும் கம்பனி பொறுப்பில் உள்ள காணியில் இருப்பதால், சபைப் பணத்தை அங்கே செலவிட 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடையாக இருந்தது. வாக்கு வாங்கலாம், பாதை போட முடியாது. தோட்டத்திலிருந்தே தெரிவான உறுப்பினர் தன் வீட்டு வாசலுக்குக் கொங்கிறீட் போட முடியாமல் இருந்தார். 2018 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது சட்டத் தடை இல்லை. பணத் தடை அப்படியே இருக்கிறது, தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்துக்கு அலைவதும் சில இடங்களில் தொடர்கிறது.

கிராம சபை, பட்டின சபை என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அவை எங்கே?

1981 இல் போய்விட்டன. அவற்றின் இடத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அதற்கான தேர்தல் 1981 ஜூன் 4. அதற்குச் சில நாள் முன்புதான் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. அது மாநகர சபையின் நூலகம் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1988 இல் பிரதேச சபைகள் நடைமுறைக்கு வந்தன. போர் காரணமாக யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல் 1998 ஜனவரியில்தான் நடந்தது. மேயரான சரோஜினி யோகேஸ்வரன் மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த பொன் சிவபாலன் செப்டம்பரில் குண்டுவெடிப்பில் இறந்தார். அடுத்த மாநகர சபைத் தேர்தல் 2009 ஆகஸ்டில். குப்பை வண்டிக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பான பதவிக்கு இப்படி ஒரு விலை கொடுத்த ஊர் அது.

மாகாண சபைத் தேர்தலும் இதனோடு நடக்குமா?

இரண்டும் வேறு. வட மாகாண சபைக்கு நடந்த கடைசித் தேர்தல் 2013 செப்டம்பர் 21. ஐந்து வருடம் முடிந்த பிறகு ஆளுநர்தான். 2017 இல் தேர்தல் முறையை மாற்றப் போய், எல்லை நிர்ணய அறிக்கை நிறைவேறாமல், எல்லா மாகாணத்துக்கும் தேர்தல் நின்றுவிட்டது. அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தப்படி உள்ளூராட்சி மாகாணத்தின் விடயம். மாகாண சபை இல்லாததால் உள்ளூராட்சி சபையைக் கண்காணிக்கும் அதிகாரமும் ஆளுநரிடம் போய்விட்டது.

எங்கள் சபை என்ன செய்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம் சபைக்கும் பொருந்தும். ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும். தராவிட்டால் அதே சபையில் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கும், அதற்கு மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

கேட்கும்போது "சபை ஏன் ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதினால் ஒரு வரிப் பதில்தான் வரும். இன்ன வட்டாரத்துக்கு இன்ன வருடத்தில் ஒதுக்கிய தொகை, அதில் செலவான தொகை, ஒப்பந்தக்காரர், வேலை முடிந்த திகதி என்று தனித்தனியாகக் கேளுங்கள். மாதாந்தக் கூட்ட அறிக்கையின் பிரதியையும் கேட்கலாம். உங்கள் உறுப்பினர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், என்ன பேசினார் என்பது அதில் இருக்கும். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்தால் ஏற்புக் கடிதம் வாங்காமல் திரும்ப வேண்டாம். 14 நாள் எப்போது தொடங்கியது என்பதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.